ஒரு நேரத்துக்கு ஒரு கை

2014 அக்டோபரில் ஒரு காலை, ஆய்வுக்கூடத்தில் இரவுப் பணி முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல், இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஓர் இசைத்தட்டுக் கடை திறப்பதற்காகக் காத்து நின்றேன். ஆங்கிலப் பாடகி வஷ்டி பன்யனின் புதிய பாடல் தொகுப்பு வந்திருந்தது. ‘ஹார்ட்லீப்’ என்று பெயர். பத்துப் பாடல்கள். இதுதான் தன் கடைசித் தொகுப்பு என்று அவரே சொல்லியிருந்தார். அப்போது அவருக்கு 69 வயது. 1970, 2005, 2014 என்று வாழ்நாளில் மூன்றே முழுத் தொகுப்புகள். இத்தனை ஆண்டுகள் இடைவெளி விட்டுப் பாடுகிறவருக்காகக் கடை வாசலில் ஒரு மணி நேரம் நிற்பது எனக்குப் பெரிதாகப் படவில்லை.

வாங்கிய கையோடு பஸ்ஸில் உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தேன். அது தவறு. எஞ்சின் இரைச்சலில் அவர் குரல் பாதி கேட்டது, பாதி கேட்கவில்லை. ஒலியைக் கூட்டினேன், மூச்சும் கிதார் நரம்பு உரசலும் பெரிதாயினவே தவிர, பாட்டு என்னை நெருங்கி வரவில்லை. வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன். ‘இதற்காகவா நின்றேன்’ என்று மனம் சோர்ந்தது. மறுநாள் விடியற்காலை, கணவரும் மகளும் தூங்கிக்கொண்டிருக்கும்போது, கூடத்து ஒலிபெருக்கியில் மிகக் குறைந்த ஒலியில் வைத்துக் கேட்டேன். அப்போதுதான் அது வந்தது.

மென்மையாகப் பாடுகிறவர்களின் இசையை வாங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். இரைச்சலுக்கு நடுவே கேட்டுவிட்டு முடிவு கட்டாதீர்கள். ஒலியைக் கூட்டுவதால் அந்த இசை பெரிதாகாது. அறையில் உள்ள சத்தம் குறைய வேண்டும். முதல் இரண்டு முறை சொற்களைத் துரத்தவும் வேண்டாம். வஷ்டி பன்யன் மெய்யெழுத்துகளை அழுத்தாமல் மூச்சோடு கலந்து பாடுவார். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கே சில இடங்கள் நழுவும். மூன்றாம் முறை அட்டையில் அச்சிட்ட வரிகளை வைத்துக்கொண்டு கேளுங்கள்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தத் தொகுப்பின் அருமை அந்த வாழ்க்கையோடு சேர்ந்தது. 1945-இல் நியூகாசிலில் பிறந்து லண்டனில் வளர்ந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் ஓவியம் படிக்கப் போனார். படம் வரையாமல் பாட்டு எழுதிக்கொண்டிருந்ததால் வெளியேற்றப்பட்டார். ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற ராக் இசைக் குழுவின் மேலாளராக இருந்த ஆண்ட்ரூ லூக் ஓல்டம் 1965-இல் அவருக்கு ஓர் இசைத்தட்டு வாய்ப்புக் கொடுத்தார். தட்டின் முன்பக்கத்தில் அந்தக் குழுவின் மிக் ஜாகரும் கீத் ரிச்சர்ட்ஸும் எழுதிய பாட்டு. இவர் தானே எழுதியது பின்பக்கத்தில். அந்தத் தட்டும் எடுபடவில்லை, அடுத்து வந்ததும் எடுபடவில்லை.

1968-இல் லண்டனை விட்டு ஒரு குதிரை வண்டியில் கிளம்பினார். துணைக்குக் காதலர், வண்டி இழுக்க பெஸ் என்ற குதிரை. ஸ்காட்லாந்தின் மேற்கே ஸ்கை தீவுப் பக்கம் பாடகர் டோனவன் கலைஞர்களுக்கென்று ஒரு குடியிருப்பு அமைக்கிறார் என்ற நம்பிக்கையில் கிளம்பிய பயணம். வழிநெடுக வேலை செய்து, தங்கி, மறுபடி நடந்து, போய்ச் சேர ஓர் ஆண்டுக்கு மேல் ஆயிற்று. சேர்ந்தபோது அந்தக் குடியிருப்பில் இருந்தவர்கள் கலைந்து போயிருந்தார்கள். ஆனால் வழியில் எழுதிய பாடல்கள் கையில் இருந்தன. தயாரிப்பாளர் ஜோ பாய்ட் அவற்றை லண்டனில் பதிவு செய்தார். 1970 டிசம்பரில் ‘ஜஸ்ட் அனதர் டைமண்ட் டே’ வெளிவந்தது. விற்றவை மிகச் சில பிரதிகள்.

தான் தோற்றுவிட்டதாக அவர் எடுத்துக்கொண்டார். கிராமத்தில் பிள்ளைகளை வளர்த்தார், விலங்குகளைப் பார்த்துக்கொண்டார், பாட்டை விட்டுவிட்டார். தன் பிள்ளைகளுக்குக்கூடப் பாடியதில்லை என்று பின்னாளில் சொன்னார். இதைப் படித்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. நானும் என் மகளுக்குப் பாடியதில்லை.

1997 வாக்கில் கணினி வாங்கி, இணையத்தில் தன் பெயரைத் தேடிப் பார்த்தபோதுதான் தன் பழைய இசைத்தட்டை மக்கள் தேடித் திரிவது அவருக்குத் தெரிந்தது. 2000-இல் அது சிடியாக மறுபடி வந்தது. அதைக் கேட்ட இளைஞர்களில் ஒருவர், பின்னாளில் பாடகராகப் பெயர் பெற்ற டெவேந்திரா பன்ஹார்ட். அப்போது அவரை யாருக்கும் தெரியாது. தான் தொடர்ந்து பாடலாமா என்று கேட்டு வஷ்டிக்குக் கடிதம் எழுதினார். தொடருங்கள் என்று பதில் வந்தது. அந்த இளைஞரின் தலைமுறையே பிறகு வஷ்டியை மேடைக்குத் திரும்ப அழைத்து வந்தது. 2005-இல், முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், இரண்டாவது தொகுப்பு வந்தது. இசையமைப்பாளர் மாக்ஸ் ரிக்டர் தயாரித்தார். அந்தச் சிடியை எங்கள் ஆய்வுக்கூடத்தில் உடன் வேலை பார்த்த ஒருவர்தான் 2009-இல் என் கையில் கொடுத்தார். “நீங்கள் வேலை செய்யும்போது முணுமுணுப்பது இவரை நினைவுபடுத்துகிறது” என்றார். நான் முணுமுணுப்பது வெளியே கேட்கிறது என்று அன்றுவரை எனக்குத் தெரியாது.

மயிலாடுதுறையில் ஏழு வயதிலிருந்து பாட்டுக் கற்றவள் நான். பதினாறு வயதில் ஆசிரியர் அப்பாவை அழைத்து, “ஞானம் இருக்கிறது, குரலில் கனம் இல்லை. சபையில் எடுபடாது” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, என் நேரம் வீணாகக் கூடாது என்ற அக்கறையில் சொன்னார். அன்றோடு நிறுத்திவிட்டேன். அவர் சபைக்குத்தான் தீர்ப்புச் சொன்னார். அதை நான் சமையலறைக்கும் சேர்த்து எடுத்துக்கொண்டேன்.

‘ஹார்ட்லீப்’ தொகுப்பை வஷ்டி பெரும்பாலும் வீட்டிலேயே, தானே, கணினியை வைத்துக்கொண்டு பதிவு செய்தார். தயாரிப்பாளரும் அவரே. சில நண்பர்கள் உதவினார்கள்: கிதாரில் கேரத் டிக்சன், வயலினில் ஃபியோனா பிரைஸ் போன்றவர்கள். ஆனால் எது எங்கே வர வேண்டும் என்ற முடிவு அவருடையது. இசைக்குறியீடு எழுதவோ படிக்கவோ தெரியாதவர் அவர். மனத்துக்குள் கேட்கும் வயலின்களை வெளியே கொண்டுவர, மென்பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொண்டார். பல ஆண்டுகள் பிடித்தன. என்னை உலுக்கியது வேறொரு செய்தி. அவருக்குப் பியானோவை இரண்டு கையாலும் சேர்த்து வாசிக்க வராது. அதனால் ஒரு கை வாசிப்பதை முதலில் பதிவு செய்து, மறு கையுடையதைத் தனியாகப் பதிவு செய்து, இரண்டையும் சேர்த்தார்.

இதைப் படித்துவிட்டுத் தொகுப்பைத் திரும்பக் கேட்டேன். எங்கே ஒட்டுப் போட்டிருக்கிறது என்று தேடினேன். என் காதுக்குத் தெரியவில்லை.

குறையில்லாத தொகுப்பு என்று சொல்ல மாட்டேன். எல்லாப் பாடல்களும் ஏறக்குறைய ஒரே நடையில் போகின்றன. நடுவில் இரண்டு மூன்று பாட்டுகள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. ஒரு பாட்டாவது துள்ளியிருக்கலாம் என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் அதில் ‘மதர்’ என்று ஒரு பாட்டு இருக்கிறது. வஷ்டி சிறுமியாக இருந்தபோது, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு அவர் அம்மா தனக்குத்தானே பாடியதையும் ஆடியதையும் கதவிடுக்கில் பார்த்த நினைவு. என் அம்மா ஆட்டுக்கல்லில் மாவு அரைக்கும்போது பாடுவாள். சொல் கிடையாது, ஒரு மெட்டு மட்டும், கல் சுற்றும் வேகத்தில். யாராவது முற்றத்தைக் கடந்து வந்தால் நின்றுவிடும். கல் சத்தம் மட்டும் தொடரும். 2011-இல் அம்மா போய்விட்டாள். எங்களிடம் அவளுடைய புகைப்படங்கள் நூற்றுக்கு மேல் இருக்கின்றன. குரல் ஒரு நொடி அளவுகூட இல்லை.

அந்த மெட்டையும், நானாக எழுதி வைத்திருந்த நான்கு பாடல்களையும் பதிவு செய்வது என்று 2015 ஜனவரியில் முடிவு செய்தேன். நல்ல நிலையில் இருந்த பழைய மைக் ஒன்றும், அதைக் கணினியோடு இணைக்கும் சிறு பெட்டியும் வாங்கினேன். மடிக்கணினி வீட்டில் இருந்தது. மகளின் கீபோர்டும் இருந்தது. அதை நான் ஒரு கையால்தான் வாசிப்பேன்.

பதிவுக்குப் பிடித்த இரண்டு ஆண்டுகளில் நான் கற்றவை இனி வருபவை. மெல்லிய குரல் உள்ளவர்களுக்கு இவை கூடுதலாக உதவும். கனத்த குரலுக்கு அறையின் குறைகள் தெரியாது, மெல்லிய குரலுக்கு அத்தனையும் தெரியும்.

முதல் எதிரி குளிர்சாதனப் பெட்டி. அதன் முனகல் பக்கத்து அறை வரை வரும், பதிவில் குரலுக்கு அடியில் ஓடும். அதை அணைத்துவிட்டுப் பாடினேன். ஒருமுறை மறுபடி போட மறந்து பால், இறைச்சி எல்லாம் கெட்டுப்போயின. பிறகு வண்டிச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு அணைக்கும் பழக்கம் வந்தது. சாவி இல்லாமல் வேலைக்குக் கிளம்ப முடியாது, அதனால் மறக்கவும் முடியாது. வெந்நீர்க் கொதிகலனுக்கு ஒரு நேரக்கட்டுப்பாடு உண்டு. எங்கள் வீட்டில் அது 5.30-க்கு உயிர் பெறும். எனவே என் பாட்டு 5 மணிக்குத் தொடங்கி 5.25-க்கு முடிந்துவிடும். ஒரு நாளைக்கு இருபத்தைந்து நிமிடம். ஆரம்பத்தில் போதாது என்று குமுறினேன். பிறகு அந்த அளவே நல்லது என்று புரிந்தது. என் குரல் அதற்கு மேல் தாங்காது; ஆறாவது முறை பாடும்போதே சுருதி தளரும்.

அறையின் எதிரொலியை அடக்க மெல்லிய படுக்கை விரிப்புகளைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். பயனில்லை. துணி கனமாக இருக்க வேண்டும். குளிர்காலத்துக் கம்பளிகள் இரண்டை முதுகுக்குப் பின்னாலும் பக்கத்திலும் தொங்கவிட்டு, துணி நிறைந்த அலமாரியைத் திறந்து வைத்து, அதன் பக்கம் முகம் வைத்துப் பாடியபோது குரல் சுத்தமாக விழுந்தது. மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண் இடைவெளி. இன்னும் நெருங்கினால் குரலுக்குப் பொய்யான கனம் ஒன்று சேர்கிறது. பெரும்பாலான மைக்குகள் நெருக்கத்தில் கீழ்ச்சுரங்களைப் பெருக்கிக் காட்டும். கனம் இல்லாத குரல் என்று சொல்லப்பட்டவளுக்கு அது பெரிய ஆசை காட்டிற்று. ஒரு வாரம் அதில் மயங்கிக் கிடந்தேன். திரும்பக் கேட்டபோது அது வேறு யாரோ. மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் வைத்தால் ‘ப’ வரும் இடங்களில் காற்று வெடிக்காது.

குரல் மெல்லியது என்பதால் பதிவின் அளவை உயர்த்தி வைக்கத் தோன்றும். வேண்டாம். அம்மாவின் மெட்டில் ஓர் இடத்தில் மட்டும் குரல் எழும்பும். அந்த இடம் உடைந்து கரகரத்துப் பதிவானது, அதைச் சரிசெய்ய வழியே இல்லை. உச்சத்தில் பாடும்போது அளவுமானி கழித்தல் 12 டெசிபலுக்கு அருகில் நிற்கும்படி வைத்தால் போதும். பிறகு கூட்டிக்கொள்ளலாம்.

ஹெட்போனில் உங்கள் குரல் ஒரு கண்ணிமை நேரம் தாமதமாகக் கேட்டால், கணினியைச் சுற்றி வருகிறது என்று பொருள். இணைப்புப் பெட்டிகள் பலவற்றில் குரலை நேரடியாகக் கேட்க ஒரு பொத்தான் உண்டு, அதைத் தேடுங்கள். நான் மூன்று மாதம் தேடாமல் இருந்து, எனக்குத் தாளம் போய்விட்டது என்று அழுதிருக்கிறேன். ஒரு காதைத் திறந்து வைத்துப் பாடினால் சுருதி நிற்கிறது.

இனி அந்த இரண்டு கை. வஷ்டியின் வழியில் நானும் முதலில் வலக்கை, பிறகு இடக்கை என்று கீபோர்டைப் பதிவு செய்தேன். சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோம் கருவியின் ஒலிக்கு வாசித்தேன். கைகள் சேர்ந்தன, பாட்டு செத்துக் கிடந்தது. அம்மாவின் மெட்டு ஆட்டுக்கல்லின் வேகத்தில் பிறந்தது; மாவு இறுகும்போது கல் தயங்கும், தண்ணீர் தெளித்ததும் இளகும். அதற்கு மெட்ரோனோம் எப்படிப் பொருந்தும்? பல வாரங்களுக்குப் பிறகு வரிசையை மாற்றினேன். சுருதிப் பெட்டியை வைத்துக்கொண்டு முதலில் பாட்டை மனம்போல் ஒருமுறை பாடிப் பதிவு செய்தேன். அது வழிகாட்டி மட்டும். அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே இடக்கை, பிறகு வலக்கை. கடைசியில் புதிதாகப் பாடிவிட்டு, வழிகாட்டிக் குரலை நீக்கிவிட்டேன். தயக்கங்கள் அப்படியே நின்றன, எல்லாம் ஒன்றாகவும் தயங்கின.

சுருதி திருத்தும் மென்பொருளைப் பற்றி நம்மவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. எதையும் மாற்றாமல் அதன் இயல்பு அமைப்பிலேயே விட்டால் அது பன்னிரண்டு சுரங்களில் அருகில் உள்ளதற்கு ஒவ்வொரு ஒலியையும் இழுக்கும். சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கி இறங்கும் கமகம் அதன் கணக்கில் பிழை. அம்மாவின் மெட்டில் ஓரிடத்தில் காந்தாரம் அசைந்துகொண்டே இறங்கும். அதை அது படிக்கட்டு ஆக்கிவிட்டது. அன்றே அந்த வசதியை நிறுத்தினேன். பாடியது சரியில்லை என்றால் மறுநாள் காலை திரும்பப் பாடுவேன், அவ்வளவுதான்.

பணம் கொடுத்துக் கற்ற பாடம் ஒன்றும் உண்டு. முதல் இரண்டு பாடல்களை மெருகேற்றித் தரச் சொல்லி ஓர் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அனுப்பினேன். திரும்பி வந்தபோது மூச்சொலிகள் எல்லாம் வெட்டப்பட்டிருந்தன, குரல் ஒரு பெரிய மண்டபத்தில் நின்றது, ஏற்ற இறக்கம் சமமாக்கப்பட்டிருந்தது. அவர்கள் திறமையாகத்தான் செய்திருந்தார்கள். எதைத் தொடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. வஷ்டிக்கும் முதல் தொகுப்பில் இதே போன்ற மனக்குறை இருந்தது. தன்னை அவர் நாட்டுப்புறப் பாடகியாக நினைத்ததே இல்லை. எளிய கிதாரோடு பாப் பாடல் பாடத்தான் ஆசைப்பட்டார். உடன் வாசித்த கலைஞர்களின் கை பட்டு அது வேறு நிறம் கொண்டது. மூன்றாவது தொகுப்பைத் தானே செய்ய அவர் துணிந்ததன் காரணம் எனக்கு அன்று விளங்கியது. வெளியே கொடுப்பதானால், “இந்தப் பதிவு மாதிரி ஒலிக்க வேண்டும்” என்று ஒரு மாதிரியையும், “மூச்சை வெட்டாதீர்கள்” போன்ற இரண்டு வரிகளையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

பாடுகிறவர்களுக்கு மட்டுமல்ல, கேட்கிறவர்களுக்கும் ஒன்று சொல்வேன். பிடித்தால் எழுதித் தெரிவியுங்கள். 1971-இல் பத்துப் பேர் வஷ்டிக்குக் கடிதம் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பேன். எங்கள் ஊர் நூலகத்தில் முப்பது பேருக்கு முன்னால் பாடிவிட்டுப் போகும் பெண்ணாக இருந்தாலும் சரி, இப்போதெல்லாம் எந்தப் பாட்டு, எந்த வரி என்று குறிப்பிட்டு இரண்டு வரி எழுதிவிடுகிறேன். சிடி இருந்தால் அவர் கையிலிருந்தே வாங்குகிறேன்.

2016 டிசம்பரில் ஐந்து பாடல்களும் முடிந்தன. அம்மாவின் மெட்டை அப்பாவுக்கு அனுப்பி வைத்தேன். அப்போது அவருக்கு 81 வயது. மயிலாடுதுறையில் என் தம்பியோடு இருந்தார். தம்பி அவர் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு என்னைத் தொலைபேசியில் அழைத்தான். பாட்டு முடியும்வரை இந்தப் பக்கம் நான் காத்திருந்தேன். அம்மா பாடும்போதெல்லாம் அப்பா திண்ணையில் செய்தித்தாளை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவர் காதில் எதுவும் விழுந்திருக்கும் என்று நாங்கள் யாரும் நினைத்ததில்லை.

“நன்றாக இருக்கிறதம்மா” என்றார். பிறகு வெகுநேரம் பேசவில்லை. இணைப்பு போய்விட்டதோ என்று நினைத்தேன்.

“இரண்டாவது தடவை வரும்போது மேலே போய் உடனே இறங்குகிறாய். அவள் அங்கே கொஞ்சம் நிற்பாள். மாவைத் தள்ளிவிடுவாள், அதற்குள் ஒரு மூச்சு நேரம். அப்புறம்தான் இறங்குவாள்.”

தாளில் குறித்துக்கொண்டேன். மறுநாள் காலை ஐந்து மணிக்குச் சாவியைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, அந்த ஓர் இடத்தை மட்டும் திரும்பப் பாடினேன்.